இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு வராத பிள்ளை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் சித்தி மகள் இங்கிலாந்திலிருந்து போன் பண்ணினாள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலைக்கென்று 2022இல் போனவள். புருஷனையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கூடவே கூட்டிப்போனாள். பின்னால் போனவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பராமரிப்பு வேலைக்கு வருகிறவர்கள் பிள்ளைகுட்டிகளைக் கூட்டிவரக் கூடாதென்று 2024 மார்ச்சில் அந்த அரசாங்கம் விதியை மாற்றிவிட்டது. கிழவர்களைக் குளிப்பாட்டி மலஜலம் எடுக்கக் கை வேண்டும், அந்தக் கைக்குப் பிள்ளை இருக்கக் கூடாது. அது தனியாக எழுத வேண்டிய கதை.

அவள் இருப்பது ஒரு கிராமம். பிள்ளைகள் போவது ஆங்கிலிக்கன் திருச்சபையின் தொடக்கப் பள்ளி. கோயிலை ஒட்டிய பழைய கல் கட்டடம். மொத்தப் பள்ளியிலும் எண்பது பிள்ளைகள்கூட இல்லை. இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்து ஒரே டீச்சர் பாடம் நடத்துகிறார். தலைமையாசிரியையும் வாரத்தில் பாதி நாள் வகுப்பெடுக்கிறார். நம்ம ஊர் ஈராசிரியர் பள்ளியைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் வந்து அறிக்கையும் வெளியாகிவிட்டது. பிள்ளைகளின் அடைவு என்கிற கட்டத்தில் 'கவனம் தேவை' என்று போட்டிருக்கிறார்கள். வாசலில் பிள்ளைகளை விட வருகிற தாய்மார்கள் மத்தியில் அதே பேச்சு. இரண்டு குடும்பங்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது.

"எண்ணே, நீ பேங்குல கணக்குப் பாக்கறவன். இந்தப் பர்சண்டேஜு என்னன்னு பாத்துச் சொல்லு. சின்னவள வேற பள்ளியோடத்துல போட்டுரட்டா?"

அறிக்கையை அனுப்பச் சொன்னேன். போனை வைக்கப் போகிற நேரத்தில் குரலைத் தணித்துக்கொண்டு இன்னொன்று சொன்னாள்.

"அந்தப் பர்சண்டேஜு கொறஞ்சதே நம்ம பெரியவளாலதான்னு நெனைக்கேன்."

தோழர்களே, இந்தக் கட்டுரையை என்னை எழுதவைத்தது அந்தக் கடைசி வாக்கியம். கடல் தாண்டிப் போயும் ஒரு தாய் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குப் பிடித்த பீடையாக நினைக்கிறாள் என்றால், அந்த நினைப்பை அவளுக்குள் எது போட்டது? விழுக்காடு போட்டது. அதனால் முதலில் விழுக்காட்டைப் பார்ப்போம்.

அங்கே தொடக்கப் பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அந்த ஆண்டு மே மாதத்தில் வாசிப்பிலும் கணக்கிலும் நாடு முழுக்க ஒரே தேர்வு. எழுத்தை மட்டும் பள்ளி ஆசிரியரே மதிப்பிடுகிறார். தேர்வின் மதிப்பெண்கள் 80இலிருந்து 120வரை ஓர் அளவுகோலில் வைக்கப்படுகின்றன. 100 வந்தால் பிள்ளை 'எதிர்பார்த்த தர'த்தை எட்டிவிட்டது என்று அர்த்தம். வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் எட்டிய பிள்ளைகள் எத்தனை விழுக்காடு என்பதுதான் பள்ளியின் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகிற எண். 2025இல் இங்கிலாந்து முழுமைக்கும் அந்த எண் 62.

எங்கள் பெரியவள் எட்டு வயதில் அங்கே போனாள். அதற்கு முன்னால் படித்ததெல்லாம் தமிழில். மூன்று வருஷத்தில் கணக்கில் 110ஐத் தாண்டியிருக்கிறாள். எழுத்தில் தேறிவிட்டாள். வாசிப்பில் 97. மூன்று மதிப்பெண் குறைவு. ஆக, அந்த விழுக்காட்டுக் கணக்கில் அவள் பூஜ்யம். கணக்கில் வாங்கியதும் பூஜ்யம், எழுத்தில் தேறியதும் பூஜ்யம். மூன்றில் ஒன்று போனால் மூன்றும் போச்சு.

அவள் வகுப்பில் மொத்தம் எட்டுப் பேர். எட்டில் நான்கு பேர் எட்டினார்கள். 50 விழுக்காடு. நாட்டுச் சராசரிக்கு ரொம்பக் கீழே. அந்த மூன்று மதிப்பெண் இவளுக்குக் கிடைத்திருந்தால் எட்டில் ஐந்து, 62.5 விழுக்காடு. நாட்டுச் சராசரிக்கு ஒரு மயிரிழை மேலே. ஒரு குழந்தை ஒரு மத்தியானம் ஒரு பத்தியை இன்னும் கொஞ்சம் வேகமாக வாசித்திருந்தால், ஒரு ஊர்ப் பள்ளிக்கூடம் மட்டமான பள்ளியிலிருந்து நல்ல பள்ளியாக மாறியிருக்கும். இதுதான் நீங்கள் பெரிதாக நினைக்கிற புள்ளிவிவரம்.

வங்கியில் இதை நான் தினமும் பார்க்கிறேன். கிராமக் கிளையில் ஒரு ரைஸ்மில் கடன் வாராக்கடன் ஆனால் போதும், விழுக்காடு எகிறிவிடும், மேலாளருக்கு மெமோ வரும். நகரத்துக் கிளையில் அதுபோலப் பத்துப் போனாலும் மொத்தத்தில் கரைந்துவிடும். சின்ன இடத்தில் ஒவ்வோர் ஆளும் விழுக்காட்டில் கனமாக நிற்கிறான். அவன் முகத்தைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கு, அவன்தான் குற்றவாளி.

இங்கிலாந்துக்காரர்களுக்கும் இது தெரியாமலில்லை. மிகச் சிறிய வகுப்பு என்றால் அதன் முடிவுகளை வெளியிடாமல் மறைத்துவிடுகிறார்கள். சின்ன வகுப்பின் எண்ணை வைத்து அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதே என்று ஆய்வாளர்களுக்கே அறிவுரை இருக்கிறது. ஆனால் வாசலில் நிற்கிற தாய்மார்களுக்கு யார் அறிவுரை சொன்னார்கள்? அங்கே பள்ளிக்குப் பணம் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் வருகிறது. நான்கு பிள்ளை போனால் நான்கு பேருக்கான பணமும் போகும். பணம் போனால் உதவியாளர் வேலை போகும். அடுத்த வருஷம் இன்னும் நான்கு போகும். கடைசியில் ஒரு நாள் பூட்டு. ஊரில் கார் வைத்திருப்பவன் பிள்ளையைப் பக்கத்து ஊருக்குக் கொண்டு போவான். என் தங்கச்சி எதில் கொண்டு போவாள்?

இந்தப் பள்ளிக்கூடங்கள் எப்படி வந்தன என்பதைப் பார்த்தால் நமக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் தெரியும். வெள்ளைக்காரன் பள்ளிக்கூடத்துக்கும் சேரிக்கும் என்ன ஒட்டு என்று கேட்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பையன்களுக்கென்று ஒரு விடுதிப் பள்ளி நடந்தது. பெரும்பாலும் வெள்ளைச் சிப்பாய்களுக்கும் நம் நாட்டுப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள். அதன் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ பெல் என்கிற ஆங்கிலிக்கன் பாதிரியார். ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படிப்பதைப் பார்க்கிறார். சிலேட்டும் வேண்டாம், காகிதமும் வேண்டாம், செலவே இல்லை. தன் பள்ளி ஆசிரியர்களிடம் அப்படிச் செய்யச் சொன்னார். அவர்கள் முரண்டு பிடித்தார்கள். உடனே எட்டு வயசுப் பையன் ஒருவனைப் பிடித்து, நீயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்றார். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருத்தன் இருப்பானே, அவன்தான். பெல் அதற்கு 'மதராஸ் முறை' என்று பெயர் வைத்து 1797இல் லண்டனில் புத்தகம் போட்டார். 1811இல் ஏழைகளுக்குக் கல்வி கொடுப்பதற்கென்று ஆங்கிலிக்கன் திருச்சபை ஒரு தேசியச் சங்கம் தொடங்கியபோது, இந்த மதராஸ் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. ஒரு ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள். இங்கிலாந்தின் கிராமங்களில் திருச்சபைப் பள்ளிகள் இப்படித்தான் முளைத்தன. இன்றைக்கும் அந்த நாட்டின் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று ஆங்கிலிக்கன் பள்ளி.

பெல் பார்த்த அந்தத் திண்ணையை நம் ஆட்கள் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உலகத்துக்கே கல்வி கொடுத்த தமிழன் திண்ணை என்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான். ஊர்த்திண்ணையில் எழுதிய அந்த விரல்களில் சேரிப் பிள்ளையின் விரல் எத்தனை? மணல் எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடந்தது. திண்ணை பொதுவாக இருக்கவில்லை.

பெல்லையும் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டாம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுத்தும் கணக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை, வேதத்தை வாசிக்கத் தெரிந்தால் போதும் என்கிற ரீதியில் எழுதியவர்தான் அவர். கூலிக்காரன் மகன் கூலிக்காரனாகவே, ஆனால் ஒழுக்கமுள்ள கூலிக்காரனாக இருக்க வேண்டும். சாதி என்கிற பெயர் இல்லாமல் அங்கேயும் ஒரு வருணக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இன்ஸ்பெக்டர் என்கிற பிராணி பிறந்ததும் இந்தப் பள்ளிகளை முன்வைத்துத்தான். 1833இல் அரசாங்கம் பள்ளிக் கட்டடங்களுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்பான் அல்லவா? 1839இல் அரச ஆய்வாளர்களை நியமித்தார்கள். திருச்சபை உடனே கொடி பிடித்தது. எங்கள் பள்ளிக்குள் கண்டவனும் வரக் கூடாது என்றது. 1840இல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். திருச்சபைப் பள்ளிகளுக்குப் பேராயரின் ஒப்புதல் பெற்ற ஆய்வாளர்தான் போவார். போனவர்கள் பெரும்பாலும் பாதிரியார்களே. 1870இல் கல்விச் சட்டம் வரும்வரை இதுதான் ஏற்பாடு. தன் வீட்டுக் கணக்கைத் தன் மச்சானை வைத்துத் தணிக்கை செய்துகொள்வது.

1862இல் ராபர்ட் லோ என்கிற அமைச்சர் 'முடிவுக்கேற்ற ஊதியம்' என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு நாள் வருவார். ஒவ்வொரு பிள்ளையாக நிறுத்தி வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் சோதிப்பார். ஒரு பிள்ளைக்கு 8 ஷில்லிங் மானியம். ஒரு பாடத்தில் தோற்றால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் வெட்டு. மூன்றிலும் தோற்றால் எட்டும் காலி. அதாவது ஒரு பிள்ளையின் திணறலுக்கு ரூபாய் அணா பைசாவில் விலை. ஆசிரியர் என்ன செய்வார்? இன்ஸ்பெக்டர் கேட்கப் போகிற புத்தகத்தை மனப்பாடம் பண்ணவைப்பார். திக்குகிற பிள்ளையைப் பார்த்தால் அவருக்குப் பிள்ளை தெரியாது, 2 ஷில்லிங் 8 பென்ஸ் தெரியும்.

இதை உள்ளேயிருந்தே எதிர்த்தவர்களில் ஒருவர் மேத்யூ ஆர்னால்டு. பெரிய கவிஞர், வயிற்றுப்பாட்டுக்கு இன்ஸ்பெக்டர். 35 வருஷம் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய்வந்தார். அவர் பார்த்தவை பெரும்பாலும் திருச்சபைக்கு வெளியே இருந்த பள்ளிகள். ஆனால் நோய் எல்லாப் பள்ளிக்கும் ஒன்றுதான். இயந்திரம்போலப் படிப்பு நடக்கிறது, பிள்ளையின் புத்தி வளரவில்லை என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதினார். கவிதை எழுதிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த மனுஷன்மேல் ஒரு தனிப் பிரியம். 1890களில்தான் அந்தத் திட்டம் ஒழிந்தது. அதற்குள் அது கப்பலேறி நம்மிடமும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மதராஸ் மாகாணத்திலும் ரிசல்ட்டைப் பார்த்து மானியம் கொடுக்கிற முறை நடந்தது. நாம் மணலைக் கொடுத்தோம். அவர்கள் இன்ஸ்பெக்ஷனைக் கொடுத்தார்கள்.

நூறு வருஷம் கழித்து 1992இல் இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் என்கிற ஆய்வு நிறுவனம் சட்டம் போட்டு உருவாக்கப்பட்டது. அறிக்கை வெளியாகும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அது நல்ல விஷயம். ஆனால் பள்ளியின் மொத்த வாழ்க்கைக்கும் ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு. மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது. இந்த நான்கில் ஒன்று. 2022 நவம்பரில் ரெடிங் நகரத்தில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு ஆய்வு நடந்தது. அது திருச்சபைப் பள்ளி அல்ல, சாதாரண அரசுப் பள்ளி. 'மிகச் சிறப்பு' என்றிருந்தது, பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தமான குறைகளுக்காக 'போதாது' என்று இறங்கியது. அறிக்கை வெளியாகுமுன், 2023 ஜனவரியில், தலைமையாசிரியை ரூத் பெரி உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தச் சாவில் ஆய்வுக்குப் பங்குண்டு என்று அதே வருஷம் டிசம்பரில் விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2024 செப்டம்பரில் ஒற்றைச் சொல் தீர்ப்பு கைவிடப்பட்டது. 2025 நவம்பரிலிருந்து புது அறிக்கை அட்டை. பல கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு.

ஒரு சொல்லை எடுக்க ஓர் உயிர் போக வேண்டியிருந்தது. சொல்லுக்கு எவ்வளவு பலம் என்று கவிஞர்கள் நாம் பேசுகிறோம். ஒற்றைச் சொல்லால் ஓர் ஆளை முடித்துவிட முடியும் என்பது நம் ஜனங்களுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை. தெருவில் நடந்தாலே தெரியும்.

இங்கே என் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தென்மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நானும் படித்தது ஆங்கிலிக்கன் மிஷனரிகள் தொடங்கிய தொடக்கப் பள்ளியில்தான். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் கைக்கு வந்து, அரசு மானியத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பள்ளி இல்லையென்றால் என் தாத்தா கையெழுத்துப் போடப் பழகியிருக்க மாட்டார், நான் வங்கியில் உட்கார்ந்திருக்க மாட்டேன். இதை மறைக்கிற ஆள் நானில்லை. அதே பள்ளியில் நடந்த இதையும் மறைக்கப்போவதில்லை.

நாலாம் வகுப்பு. நாளைக்கு ஏ.இ.ஓ. இன்ஸ்பெக்ஷன். முந்தின நாள் மத்தியானத்துக்கு மேல் பாடம் இல்லை. எங்கள் தெருப் பிள்ளைகள் கக்கூஸ் கழுவினோம், தண்ணீர் சுமந்தோம். ஊர்ப் பிள்ளைகள் கலர் காகிதம் ஒட்டினார்கள். யாரும் யாரையும் பிரித்து நிறுத்தவில்லை. சார் கையைக் காட்டினார், கை காட்டின திசை சரியாக இருந்தது. சாயந்திரம் வகுப்பில் நான்கு பேரை எழுப்பிவிட்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவு, வீட்ல இருங்கலே" என்றார். நான்கும் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள். நான்கில் மூன்று எங்கள் தெரு. ஒருத்தன் என் பக்கத்தில் உட்கார்கிறவன். லீவு கிடைத்த சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு போனான்.

மறுநாள் நான் செய்யுள் ஒப்பித்தேன். ஏ.இ.ஓ. முதுகில் தட்டிக்கொடுத்தார். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் ஆஜர். அவன் பெயருக்கு நேரேயும் ஆஜர்தான். இன்ஸ்பெக்ஷன் பிரமாதம் என்று மிட்டாய் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்திக்கொண்டான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு ஒரு நாள் வர வேண்டாம் என்று சொன்னதே அவனுக்குப் போதுமாயிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் என் கவுண்டருக்கு வந்தான். அவன் அம்மாவின் முதியோர் உதவித்தொகை விஷயம். பணம் எடுக்கிற சீட்டை நீட்டி, "எழுதித் தாங்க சார்" என்றான். என்னை அடையாளம் தெரிந்ததா தெரியவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எழுதிக்கொடுத்தேன். செய்யுள் ஒப்பித்த வாயில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வார்த்தை வரவில்லை. அன்றைக்கு மாலை கவுண்டர் கணக்கு ஒரு பைசா பிசகாமல் டேலி ஆயிற்று. பதிவேடும் அப்படித்தான் டேலி ஆனது, ஒரு பையனை விட்டுவிட்டு.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பள்ளியின் நலனுக்காகப் பிள்ளையைப் பட்டியலிலிருந்து கழற்றிவிடுவதை 'ஆஃப் ரோலிங்' என்கிறார்கள். அப்படி நடக்கிறதா என்று ஆய்வாளர் பார்க்க வேண்டும் என்பது 2019இலிருந்து விதிமுறையில் இருக்கிறது. பெயர் வைத்தால் பாதி வேலை முடிந்தது. நம்மிடம் அதற்குப் பெயர் 'லீவு'.

நம் வட்டாரத்தில் இதைப் பேசினால் இரண்டு குரல் கேட்கிறது. ஃபூக்கோ படித்த தோழர்கள், இன்ஸ்பெக்ஷன் என்பதே கண்காணிப்பு அதிகாரம், அதை ஒழி என்கிறார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு வந்துவிட்ட நம் அண்ணன்மார்கள், மார்க்குத்தான் எல்லாம், மார்க் எடுக்கிற பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டு போ என்கிறார்கள். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை.

முதல் குரலுக்குச் சொல்கிறேன். கண்காணிப்பு இல்லாத இடத்தில் யார் ஆட்சி நடக்கும்? ஊர் ஆட்சி. வெளியாள் ஒருவரும் எட்டிப்பார்க்காத பள்ளிக்கூடத்தில் பெஞ்சு யாருக்கு, தரை யாருக்கு, விளக்குமாறு யாருக்கு என்பதை ஊர் தீர்மானிக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படிக்கிற பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகுதான், பள்ளிகளில் சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். அதன் அறிக்கை 2024 ஜூனில் வந்தது. வெட்டு விழுந்த பிறகு வந்தது. முன்னாலேயே போய்ப் பார்க்கிற வெளியாள் நமக்கு வேண்டும். ஆய்வை எதிர்க்கிற சொகுசு பலமுள்ளவனுக்குத்தான் உண்டு.

இரண்டாவது குரலுக்கு என் தங்கச்சி மகள்தான் பதில். மார்க் எடுக்கிற பள்ளி என்பது பல நேரம் மார்க் எடுக்காத பிள்ளையைச் சேர்க்காத பள்ளி. இங்கிலாந்தில் வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர்கூட அந்த மூன்றிலும் எட்டுவதில்லை. மற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுகிறார்கள். இந்த இடைவெளி அவர்களுக்கே தெரிகிறது, ஏனென்றால் அவர்கள் தனியாக எண்ணுகிறார்கள். ஏழைப் பிள்ளை எத்தனை, அவர்களுக்கென்று 2011இலிருந்து வருகிற தனிப் பணத்தைப் பள்ளி என்ன செய்தது என்று கேள்வி கேட்கிறார்கள். புது அட்டையில் 'எல்லோரையும் உள்ளடக்குதல்' என்று தனிக் கட்டமே இருக்கிறது. அதோடு ஆங்கிலிக்கன் பள்ளிகளுக்குத் திருச்சபையின் சார்பில் தனியாக இன்னோர் ஆய்வும் உண்டு. 2023இலிருந்து அதில் பள்ளிக்கு மார்க் கிடையாது. நீதிக்கும் பொறுப்புக்குமான பண்பாட்டை இந்தப் பள்ளி எப்படி உருவாக்குகிறது என்பது அதில் ஒரு கேள்வி. திருச்சபையே தன் பள்ளியைப் பார்க்கிற ஆய்வு, அதனால் பழைய பாதிரியார் இன்ஸ்பெக்டர் கதை எனக்கு நினைவில் இருக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் கேள்வி சரியான கேள்வி.

ஆக, என் கட்சி இதுதான். சண்டை இன்ஸ்பெக்ஷனோடு இல்லை, இன்ஸ்பெக்டரின் பையில் இருக்கிற கேள்வித்தாளோடு. அதை எழுதியவன் யார், யாரை எண்ணச் சொல்கிறது, யாரை எண்ணாமல் விடச் சொல்கிறது? 1862இல் அந்தத் தாளில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் இருந்தது. என் நாலாம் வகுப்பில் செய்யுளும் கலர் காகிதமும் இருந்தன. கக்கூஸை யார் கழுவினார்கள் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் அது நடக்கவே இல்லை.

தங்கச்சி அனுப்பிய அறிக்கையை இரண்டு ராத்திரி உட்கார்ந்து அகராதி வைத்துப் படித்தேன். அடைவுக்குக் 'கவனம் தேவை' என்று போட்டிருப்பது உண்மை. மேல்வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பிள்ளைகளுக்கு உதவி போதவில்லை என்று காரணமும் எழுதியிருக்கிறார்கள். அது நியாயமான குறை. எங்கள் பெரியவளுக்கு அந்த உதவி கிடைத்திருந்தால் 97 நூறாகியிருக்கும். அதே அட்டையில் அடுத்த கட்டம், எல்லோரையும் உள்ளடக்குதல். அதில் எதிர்பார்த்ததைவிட ஒரு படி மேலே, 'வலுவான தரம்' என்று இருக்கிறது. புதிதாக வருகிற பிள்ளைகளை இந்தப் பள்ளி தன் பிள்ளையாக வைத்துக்கொள்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். வாசலில் நிற்கிற ஒரு தாயும் அந்தக் கட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

போன் பண்ணினேன்.

"ஏம்மா, தேர்வு அன்னைக்குப் பெரியவள வர வேண்டாம்னு சொன்னாங்களா?"

"ச்சீ, அப்படியெல்லாம் இல்லண்ணே. காலையில பயந்துகிட்டு வரமாட்டேன்னு அழுதா. டீச்சர் வாசல்ல வந்து கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனாங்க."

அவள் எழுதினால் விழுக்காடு குறையும் என்று அந்த டீச்சருக்குத் தெரியாதா? எட்டுப் பேர் வகுப்பில் அது தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கையைப் பிடித்தார்.

"சின்னவ அங்கனயே படிக்கட்டும்" என்றேன். "நீ போயி, வாசிப்புக்கு என்ன செய்யப்போறீங்கன்னு அந்த டீச்சர்ட்ட கேளு. அறிக்கையக் கையில வச்சிக்கிட்டே கேளு. கேக்க உனக்கு உரிமை இருக்கு. பெரியவகிட்ட, உன்னால பள்ளியோடம் கெட்டுப்போச்சுன்னு மட்டும் மூச்சுக் காட்டிராத." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அழுகிறாள் என்று தெரிந்தது. போனை வைக்காமல் காத்திருந்தேன்.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரில் நீங்கள் படித்த தொடக்கப் பள்ளிக்கு ஒரு நாள் போங்கள். பழைய மாணவன் என்றால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வகுப்பில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? தண்ணீர்க் குடத்தை யார் தூக்குகிறார்கள்? விளக்குமாறு யார் கையில் இருக்கிறது? பதிவேட்டில் பெயர் இருந்தும் பெஞ்சில் இல்லாத பிள்ளை யார்? போன வருஷம் நின்றுபோன பிள்ளை இப்போது எங்கே வேலை பார்க்கிறது? இந்த ஐந்தையும் பேரோடு எழுதுங்கள். விழுக்காடு போடாதீர்கள். எழுதி முடித்ததும் நின்றுபோன பிள்ளையின் வீட்டுக்கு நடந்து போங்கள். எனக்கு அந்த வீடு எங்கள் தெருவிலேயே, ஏழு வீடு தள்ளித்தான் இருந்தது. நான் போகவில்லை.